சென்னை மெட்ரோ

இக்கட்டுரை 2015 முதல் இயங்கிவரும் மெட்ரோ தொடர்வண்டி அமைப்பைப் பற்றியது. சென்னைக் கடற்கரை–வேளச்சேரி வழித்தடத்திற்குப் பறக்கும் தொடர்வண்டித் திட்டம் என்ற கட்டுரையையும், கடற்கரை–தாம்பரம் முதலிய வழித்தடங்களுக்குச் சென்னைப் புறநகர் தொடர்வண்டி என்ற கட்டுரையையும் பார்க்க.

சென்னை மெட்ரோ என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில் இயங்கும் விரைவுப் போக்குவரத்து அமைப்பாகும். இதன் முதற் பகுதி கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே ஜூன் 29, 2015 அன்று திறக்கப்பட்டது. நடுவண் அரசும் தமிழ்நாடு அரசும் சம பங்கு கொண்டு அமைத்த சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் இதனைக் கட்டி இயக்கி வருகிறது. முதற் கட்டமும் அதன் வடக்கு நீட்டிப்பும் சேர்ந்து 2 வழித்தடங்கள், 41 நிலையங்கள், ஏறத்தாழ 54 கி.மீ. நீளம் கொண்டவை. 118.9 கி.மீ. நீளத்திற்குத் திட்டமிடப்பட்ட இரண்டாம் கட்டத்தின் பணிகள் 2020-களின் தொடக்கத்தில் ஆரம்பமாயின. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள பரந்தூர் வரை வழித்தடத்தை நீட்டிப்பதற்கும் விரிவான திட்ட அறிக்கை உருவாக்கப்பட்டுள்ளது.

குறிப்புச் சட்டம்

அமைவிடம்: சென்னை, தமிழ்நாடு, இந்தியா
வகை: விரைவுப் போக்குவரத்து
இயக்கம் தொடங்கியது: ஜூன் 29, 2015
இயக்குபவர்: சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம்
வழித்தடங்கள்: 2 (நீலம், பச்சை)
நிலையங்கள்: 41 (நிலத்தடி 21, உயர்மட்டம் 20)
தண்டவாள அகலம்: 1,435 மி.மீ. (செந்தர அகலம்)
மின்னூட்டம்: 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்னோட்டம், மேல்நிலைக் கம்பி
உச்ச இயக்க வேகம்: மணிக்கு 80 கி.மீ.

(மேற்கண்ட எண்கள் முதற் கட்டத்தையும் அதன் நீட்டிப்பையும் குறிப்பன.)

பின்னணி

சென்னையில் தண்டவாளப் போக்குவரத்து நீண்ட வரலாறு உடையது. 1895 ஆம் ஆண்டு மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. நகர மக்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்ட இச்சேவை 1953 ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் அகலப் பாதையில் மின்தொடர்வண்டிகள் 1931-ல் ஓடத் தொடங்கின. நகரம் தெற்கு நோக்கி வளர்ந்ததில் இப்பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின்மீது கட்டப்பட்ட பறக்கும் தொடர்வண்டிப் பாதை 1995-ல் சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் திறக்கப்பட்டது.

இப்பாதைகள் எவையும் அண்ணா சாலை, ஈ.வெ.ரா. பெரியார் சாலை, நூறு அடிச் சாலை ஆகிய முதன்மைச் சாலைகளின் வழியே செல்லவில்லை. கோயம்பேட்டில் காய்கறிச் சந்தையும் 2002 முதல் புறநகர்ப் பேருந்து நிலையமும் இயங்கத் தொடங்கிய பின்னரும் அப்பகுதிக்குத் தொடர்வண்டி இணைப்பு இல்லை. தில்லி மெட்ரோ டிசம்பர் 2002-ல் ஓடத் தொடங்கி வெற்றி பெற்றது பிற பெருநகரங்களுக்கும் முன்மாதிரியானது. சென்னைக்கான விரிவான திட்ட அறிக்கையையும் தில்லி மெட்ரோ ரயில் நிறுவனமே உருவாக்கித் தந்தது.

மெட்ரோவா, மோனோ ரயிலா என்னும் கேள்வி சென்னையில் பல ஆண்டுகள் நீடித்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோ ரயிலுக்குக் குறைந்த இடமும் குறைந்த முதலீடும் போதும் என்பது அதனை ஆதரித்தோர் வாதம். ஒரு மணி நேரத்தில் பல பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்ல வேண்டிய சாலைகளுக்கு அது ஈடு கொடுக்காது என்பது மெட்ரோவை ஆதரித்தோர் வாதம். 2006-ல் அமைந்த அரசு மெட்ரோவைத் தேர்ந்தெடுத்தது. 2011-ல் ஆட்சி மாறியபோது மோனோ ரயில் திட்டம் மீண்டும் அறிவிக்கப்பட்டது. எனினும் அதற்குள் தொடங்கியிருந்த மெட்ரோ பணிகள் நிறுத்தப்படவில்லை. மோனோ ரயிலுக்குப் பலமுறை ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டும் அப்பணி தொடங்கவே இல்லை.

வரலாறு

ஒப்புதலும் நிதியும்

தமிழ்நாடு அமைச்சரவை நவம்பர் 2007-ல் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. டிசம்பர் 3, 2007 அன்று சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. நடுவண் அமைச்சரவையின் ஒப்புதல் ஜனவரி 2009-ல் கிடைத்தது. தொடக்க மதிப்பீடு ரூ. 14,600 கோடி. இதில் ஏறத்தாழ 59 விழுக்காட்டை ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை கடனாக வழங்கியது. எஞ்சியதை இரு அரசுகளும் ஏற்றன. கட்டுமானம் ஜூன் 2009-ல் கோயம்பேட்டிற்கும் அசோக் நகருக்கும் இடையிலான மேம்பாலப் பகுதியில் தொடங்கியது.

கட்டங்கட்டமாகத் திறப்பு

முதற் கட்டம் ஒரே நாளில் திறக்கப்படவில்லை. மேம்பாலப் பகுதிகள் முதலிலும் நிலத்தடிப் பகுதிகள் பின்னரும் பயன்பாட்டிற்கு வந்தன.

ஜூன் 29, 2015: கோயம்பேடு – ஆலந்தூர். அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா காணொளி வழியே தொடங்கி வைத்தார். 7 நிலையங்கள்.
செப்டம்பர் 21, 2016: சின்னமலை – விமான நிலையம்.
அக்டோபர் 14, 2016: ஆலந்தூர் – பரங்கிமலை.
மே 14, 2017: கோயம்பேடு – நேரு பூங்கா. சென்னை மெட்ரோவின் முதல் நிலத்தடிப் பகுதி இதுவே.
மே 25, 2018: நேரு பூங்கா – சென்ட்ரல், சைதாப்பேட்டை வழியாகச் சின்னமலை – ஏஜி-டிஎம்எஸ்.
பிப்ரவரி 10, 2019: ஏஜி-டிஎம்எஸ் – வண்ணாரப்பேட்டை. இத்துடன் 45 கி.மீ. நீளமுள்ள முதற் கட்டம் நிறைவுற்றது.
பிப்ரவரி 14, 2021: வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் (9 கி.மீ. நீட்டிப்பு). விம்கோ நகர் பணிமனை நிலையம் மார்ச் 2022-ல் திறக்கப்பட்டது.

பணிகள் தாமதமானதற்கு நிலத்தடிப் பகுதியே முதன்மைக் காரணம். அண்ணா சாலையின் கீழ்ப் பகுதியில் பணியாற்றிய ஒப்பந்தக் கூட்டு நிறுவனம் இடையில் விலகியதால் 2015-ல் அங்கு வேலை நின்றது. எஞ்சிய பணிக்குப் புதிய ஒப்பந்தங்கள் செய்ய வேண்டியதாயிற்று. ஏப்ரல் 9, 2017 அன்று அண்ணா மேம்பாலம் அருகே சாலை உள்வாங்கியதில் ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு மகிழுந்தும் பள்ளத்தில் இறங்கின. நெரிசல் மிக்க சாலைக்குக் கீழே சுரங்கம் தோண்டுவதில் உள்ள இடரை இந்நிகழ்வு பொதுமக்களுக்கு உணர்த்தியது.

வழித்தடங்கள்

நீல வழித்தடம்

விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை, 26 நிலையங்கள்: விம்கோ நகர் பணிமனை, விம்கோ நகர், திருவொற்றியூர், திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, சர் தியாகராயர் கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, ஏஜி-டிஎம்எஸ், தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி, ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், விமான நிலையம்.

தண்டையார்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரையிலான நிலையங்கள் நிலத்தடியிலும் ஏனையவை உயர்மட்டத்திலும் அமைந்துள்ளன.

பச்சை வழித்தடம்

சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரை, 17 நிலையங்கள்: சென்ட்ரல், எழும்பூர், நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி, செனாய் நகர், அண்ணா நகர் கிழக்கு, அண்ணா நகர் கோபுரம், திருமங்கலம், கோயம்பேடு, புறநகர்ப் பேருந்து நிலையம், அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், பரங்கிமலை.

சென்ட்ரல் முதல் திருமங்கலம் வரை நிலத்தடிப் பாதை. கோயம்பேடு முதல் பரங்கிமலை வரை உயர்மட்டப் பாதை.

இரு வழித்தடங்களும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. சென்ட்ரல் நிலையத்தில் இரு வழித்தடங்களின் நடைமேடைகளும் நிலத்தடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. ஆலந்தூரில் அவை தரைக்கு மேலே இரு அடுக்குகளாக உள்ளன. ஜூலை 2020-ல் ஆலந்தூர், சென்ட்ரல், புறநகர்ப் பேருந்து நிலையம் ஆகிய மூன்று நிலையங்களுக்கு முறையே அறிஞர் அண்ணா, எம். ஜி. இராமச்சந்திரன், ஜெ. ஜெயலலிதா ஆகிய முன்னாள் முதலமைச்சர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

கட்டுமானமும் தொழில்நுட்பமும்

சுரங்கப் பாதை

சென்னையின் நிலம் ஒரே தன்மையுடையதன்று. நகரின் வடக்கிலும் கடற்கரையை ஒட்டியும் மணலும் களிமண்ணும் மிகுதி. நிலத்தடி நீர் மேலேயே உள்ளது. தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை காணப்படுகிறது. ஒரே சுரங்கத்தில் சில மீட்டர் தொலைவிற்குள் இளகிய மண்ணும் பாறையும் மாறிமாறி வருவதுண்டு. இத்தகைய கலப்பு நிலத்தில் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் வெட்டுப் பற்கள் விரைவில் தேய்கின்றன. இயந்திரத்தின் முகப்பில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் மேலேயுள்ள மண் சரிந்து சாலை உள்வாங்கக்கூடும்.

இயந்திரம் முன்னோக்கிக் குடைந்து செல்லும்போது, அதன் பின்பகுதியில் முன்கூட்டியே வார்க்கப்பட்ட கற்காரைத் துண்டுகள் பொருத்தப்பட்டு ஒரு முழு வளையமாக்கப்படுகின்றன. வளையத்திற்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் சிமெண்டுக் குழம்பு செலுத்தப்படுகிறது. இவ்வாறு வளையம் வளையமாகச் சுரங்கம் நீள்கிறது. நிலத்தடி நிலையங்களோ மேலிருந்து தோண்டிக் கட்டப்படுகின்றன. முதலில் சுற்றிலும் ஆழமான கற்காரைத் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டு, அதன் பின்னரே உள்ளேயுள்ள மண் அகற்றப்படும். அண்ணா சாலையிலும் பிற சாலைகளிலும் பல ஆண்டுகள் போக்குவரத்து மாற்றி விடப்பட்டதற்கு இந்நிலையப் பணிகளே காரணம்.

தொடர்வண்டிகள்

முதற் கட்டத்திற்கான தொடர்வண்டிகளை அல்ஸ்டாம் நிறுவனம் வழங்கியது. முதல் 9 வண்டிகள் பிரேசிலில் தயாராகிக் கப்பல் வழியே வந்தன. ஏனையவை ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீ சிட்டியில் உருவாக்கப்பட்டன. ஒவ்வொரு வண்டியும் 4 பெட்டிகள் கொண்டது, குளிரூட்டப்பட்டது. நின்றும் அமர்ந்தும் ஏறத்தாழ 1,276 பேர் பயணிக்கலாம். தொடக்கத்தில் ஒரு பெட்டியின் பகுதி கூடுதல் கட்டணம் கொண்ட முதல் வகுப்பாக இருந்தது. அதில் பயணிப்போர் குறைவாக இருந்ததால் 2020-ல் அது பெண்களுக்கான பகுதியாக மாற்றப்பட்டது.

வண்டி வேகம் குறையும்போது அதன் இயக்க ஆற்றலின் ஒரு பகுதி மின்சாரமாக மாற்றப்பட்டு மீண்டும் கம்பிக்கே அனுப்பப்படுகிறது. அடிக்கடி நின்று புறப்படும் நகர்ப்புற வண்டிகளில் இதனால் மின்செலவு கணிசமாகக் குறையும். நிலத்தடி நிலையங்களில் நடைமேடை விளிம்பில் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் உள்ளன. இவை பயணிகள் தண்டவாளத்தில் விழாமல் காப்பதோடு, நிலையத்தின் குளிர்ந்த காற்று சுரங்கத்திற்குள் வீணாகாமலும் தடுக்கின்றன.

தண்டவாள அகலம்

இந்திய இரயில்வேயின் அகலப் பாதை 1,676 மி.மீ. அளவுடையது, மெட்ரோ பாதையோ 1,435 மி.மீ. எனவே புறநகர் வண்டியோ பறக்கும் தொடர்வண்டியோ மெட்ரோ பாதையில் ஓட இயலாது. சென்ட்ரல், எழும்பூர், கிண்டி, பரங்கிமலை போன்ற இடங்களில் பயணிகள் இறங்கி நடந்தே மற்றொரு அமைப்பிற்கு மாற வேண்டும். பறக்கும் தொடர்வண்டி அமைப்பைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க இரயில்வே வாரியம் 2025-ல் கொள்கையளவில் இசைவு தந்தது. இது நிருவாகம், பயணச்சீட்டு, பராமரிப்பு ஆகியவற்றை ஒன்றாக்குவதேயன்றி, ஒரே வண்டி இரு பாதைகளிலும் ஓடுவதன்று.

கட்டணமும் பயன்பாடும்

2015-ல் மெட்ரோ தொடங்கியபோது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை கட்டணம் ரூ. 40 ஆக இருந்தது. ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவிற்கு இது மிகுதி எனப் பரவலாகக் குறை கூறப்பட்டது. புறநகர் வண்டிகளில் சில ரூபாய்களுக்குப் பயணம் செய்து பழகிய தொழிலாளர்களும் மாணவர்களும் மெட்ரோவை வேடிக்கை பார்க்கும் வண்டியாகவே தொடக்கத்தில் கருதினர். முதற் கட்டம் முழுமையடைந்தபின் உச்சக் கட்டணம் ரூ. 70 வரை சென்றது. பிப்ரவரி 22, 2021 முதல் கட்டணம் பின்வருமாறு குறைக்கப்பட்டது.

2 கி.மீ. வரை: ரூ. 10
2 முதல் 5 கி.மீ.: ரூ. 20
5 முதல் 12 கி.மீ.: ரூ. 30
12 முதல் 21 கி.மீ.: ரூ. 40
21 கி.மீ.க்கு மேல்: ரூ. 50

கொரோனா பெருந்தொற்றின் காரணமாக மார்ச் 2020-ல் நிறுத்தப்பட்ட சேவை செப்டம்பர் 7, 2020 அன்று மீண்டும் தொடங்கியது. 2021-ன் இரண்டாம் அலையின்போதும் சில வாரங்கள் வண்டிகள் ஓடவில்லை. ஆண்டுதோறும் பயணித்தோர் எண்ணிக்கை இவ்வேற்றத் தாழ்வைக் காட்டுகிறது (ஏறத்தாழ).

2019: 3.28 கோடி
2020: 1.18 கோடி
2021: 2.53 கோடி
2022: 6.09 கோடி
2023: 9.11 கோடி
2024: 10.52 கோடி

2021-க்கும் 2024-க்கும் இடையே பயணிகள் எண்ணிக்கை நான்கு மடங்காகப் பெருகியது. பெருந்தொற்றிலிருந்து மீண்டது, கட்டணக் குறைப்பு, திருவொற்றியூர் வரையிலான வடக்கு நீட்டிப்பு ஆகியவை இதற்குக் காரணங்களாகும். வடசென்னையின் தொழிலாளர் குடியிருப்புகள் இந்நீட்டிப்பின் வழியாகவே அண்ணா சாலையுடனும் விமான நிலையத்துடனும் நேரடியாக இணைந்தன.

பயணச்சீட்டு முறையும் மாறியது. தொடக்கத்தில் வில்லைகளும் நிறுவனத்தின் பயண அட்டைகளும் பயன்பட்டன. ஏப்ரல் 2023-ல் பிற போக்குவரத்துகளிலும் பயன்படுத்தத்தக்க சிங்காரச் சென்னை அட்டை அறிமுகமானது. அதே ஆண்டில் கைப்பேசியில் வாட்சப் வழியே பயணச்சீட்டு பெறும் வசதியும் வந்தது. பேருந்து, புறநகர் வண்டி, மெட்ரோ ஆகியவற்றை ஒரே செயலியில் இணைக்கும் சென்னை ஒன்று என்னும் செயலி செப்டம்பர் 2025-ல் வெளியிடப்பட்டது.

இரண்டாம் கட்டம்

இரண்டாம் கட்டத்திற்கு நவம்பர் 21, 2020 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு ரூ. 63,246 கோடி. 118.9 கி.மீ. நீளமும் 128 நிலையங்களும் கொண்டதாக இது ஒப்புதல் பெற்றது. பின்னர் நிலையங்களின் எண்ணிக்கை சற்றே குறைக்கப்பட்டது. மூன்று வழித்தடங்கள் பின்வருமாறு:

வழித்தடம் 3: மாதவரம் பால்பண்ணை – சிறுசேரி சிப்காட். பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், இராயப்பேட்டை, திருமயிலை, அடையாறு, திருவான்மியூர், சோழிங்கநல்லூர் வழியாக.
வழித்தடம் 4: கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி புறவழிச்சாலை. திருமயிலை, பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி, போரூர் வழியாக.
வழித்தடம் 5: மாதவரம் பால்பண்ணை – சோழிங்கநல்லூர். வில்லிவாக்கம், திருமங்கலம், கோயம்பேடு, ஆலந்தூர், பரங்கிமலை, மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாக.

முதற் கட்டத்தின் இரு வழித்தடங்களும் நகரின் நடுவையும் விமான நிலையத்தையும் நோக்கியவை. இரண்டாம் கட்டத்தின் ஐந்தாம் வழித்தடமோ நகரைச் சுற்றி வளைந்து செல்கிறது. வடக்கிலிருந்து தெற்குப் புறநகருக்குச் செல்வோர் சென்ட்ரலைத் தொடாமலே செல்ல இது வழி செய்யும். ஆழ்வார்திருநகர் முதல் ஆலப்பாக்கம் வரை நான்காம், ஐந்தாம் வழித்தடங்கள் ஒரே தூண்வரிசையின்மீது இரண்டு அடுக்குகளாகக் கட்டப்பட்டுள்ளன. மூன்றாம், நான்காம் வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையம் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்தில் திட்டமிடப்பட்டது.

இக்கட்டத்தில் சுரங்கம் தோண்டும் இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன் என மலைகளின் பெயர்களும், மயில், கழுகு எனப் பறவைகளின் பெயர்களும், குறிஞ்சி, முல்லை எனப் பூக்களின் பெயர்களும், ஆறுகளின் பெயர்களும் இடப்பட்டன. வண்டிகள் 3 பெட்டிகள் கொண்டவை. ஓட்டுநர் இன்றியே இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. மார்ச் 2025-ல் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்திற்கும் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது.

நிதிச் சிக்கல்

இரண்டாம் கட்டம் பல ஆண்டுகள் மாநிலத் திட்டமாகவே நடைபெற்றது. ஜப்பான் முகமை, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன்சுமை மாநில அரசின் கணக்கிலேயே சேர்ந்தது. முதற் கட்டத்தைப் போன்று நடுவண் அரசும் சம பங்கு ஏற்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு தொடர்ந்து கோரியது. அக்டோபர் 3, 2024 அன்று நடுவண் அமைச்சரவை இதனை நடுவண் துறைத் திட்டமாக ஏற்று ஒப்புதல் அளித்தது. ஒரு மாநிலம் எவ்வளவு கடன் பெறலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஆதலால் ஒரு நகரின் மெட்ரோவிற்கான கடன் எவருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பது, அம்மாநிலத்தின் பிற மாவட்டங்களின் சாலை, மருத்துவமனை, பள்ளிப் பணிகளையும் தொடும் வினாவாகும்.

விபத்துகள்

ஜூன் 12, 2025 அன்று இரவு இராமாபுரம் அருகே, கட்டுமானத்திலிருந்த உயர்மட்டப் பாதையின் இரு கற்காரை உத்தரங்கள் சாலையில் விழுந்ததில் இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். முதற் கட்டத்தின்போதும் கட்டுமான இடங்களில் தொழிலாளர்கள் உயிரிழந்துள்ளனர். இத்தொழிலாளர்களுள் பெரும்பாலோர் வட இந்திய, கிழக்கிந்திய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்திற்கான நீட்டிப்பு

காஞ்சிபுரம் நகரம் சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. நகரின் தென்பகுதியில் பாலாற்றங்கரையை ஒட்டிய செவிலிமேடு போன்ற ஊர்களிலிருந்து சென்னைக்குச் செல்வோருக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று செங்கல்பட்டு அல்லது அரக்கோணம் வழியாகச் சுற்றிச் செல்லும் தொடர்வண்டி. இரண்டாவது திருப்பெரும்புதூர், பூந்தமல்லி வழியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்து. நேர்வழித் தொடர்வண்டிப் பாதை இல்லாமையால் பெரும்பாலோர் பேருந்தையே நாடுகின்றனர். பூந்தமல்லியிலிருந்து நகருக்குள் நுழையும் இறுதிப் பகுதியே பயணத்தில் நெரிசல் மிக்கது.

நான்காம் வழித்தடம் பூந்தமல்லியில் முடிவதால், காஞ்சிபுரத்திலிருந்து வருவோர் அங்கேயே பேருந்திலிருந்து மெட்ரோவிற்கு மாற இயலும். பட்டுச் சேலை வணிகத்தின் மையமான தியாகராய நகரின் பனகல் பூங்கா இதே வழித்தடத்தில் உள்ளது. நெய்தவரையும் விற்பவரையும் இணைக்கும் அன்றாடப் பயணத்திற்கு இது நேரடியாகப் பயன்படும்.

இவ்வழித்தடத்தைப் பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை ஏறத்தாழ 53 கி.மீ. நீட்டிக்க விரிவான திட்ட அறிக்கை உருவாக்கப்பட்டது. இதன் முதற் பகுதியாகச் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கி.மீ. பாதைக்கு மாநில அரசு 2025-ல் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. மகிழுந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் நிறுவனப் பேருந்துகளிலேயே வந்து செல்கின்றனர். அவர்களுக்கும் இந்நீட்டிப்பு பயன்படும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

பரந்தூரில் சென்னைக்கான இரண்டாவது விமான நிலையம் அமைக்கப்படும் என்று ஆகஸ்ட் 2022-ல் அறிவிக்கப்பட்டது. விளைநிலங்களும் ஏரிகளும் குடியிருப்புகளும் கையகப்படுத்தப்படும் என்பதால் ஏகனாபுரம் உள்ளிட்ட சிற்றூர்களின் மக்கள் அன்று முதல் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். மெட்ரோ நீட்டிப்பின் இறுதிப் பகுதி இவ்விமான நிலையத்தை நோக்கியே வரையப்பட்டுள்ளது. ஆகவே அப்பகுதியின் தேவை விமான நிலையத்தைப் பொறுத்ததாகிறது. திட்டமிடப்பட்ட பாதை பரந்தூருடன் முடிவதால் காஞ்சிபுரம் நகரத்தைத் தொடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிற நீட்டிப்புகள்

விமான நிலையம் – கிளாம்பாக்கம்: பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக 15.46 கி.மீ., 13 நிலையங்கள். தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் டிசம்பர் 2023-ல் திறக்கப்பட்டபோது அதனை எட்ட மெட்ரோ இணைப்பு இல்லாதது பெருங்குறையாகப் பேசப்பட்டது.
கோயம்பேடு – பட்டாபிராம்: அம்பத்தூர், ஆவடி வழியாக ஏறத்தாழ 21.8 கி.மீ.

கருத்து வேறுபாடுகள்

மெட்ரோவைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன.

முதலாவது, செலவு. ஒரு கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்கு ஆகும் தொகையில் பல நூறு பேருந்துகள் வாங்கலாம் என்பது ஒரு சாரார் வாதம். பேருந்துகள் எத்தனை ஓடினும் அவை சாலை நெரிசலிலேயே சிக்கும். மெட்ரோ ஒன்றே குறித்த நேரத்திற்குச் சென்று சேரும் என்பது மறுதரப்பின் வாதம்.

இரண்டாவது, நிலையத்திலிருந்து வீடு வரையிலான தொலைவு. நடைபாதையும் இணைப்பு ஊர்திகளும் இல்லாத இடங்களில் பயணிகள் தானிக்குச் செலுத்தும் தொகை மெட்ரோ கட்டணத்தை விடக் கூடுதலாகிவிடுகிறது. இதனைக் குறைக்கச் சிற்றுந்துகளும் நிலையங்களை இணைக்கும் மாநகரப் பேருந்துகளும் இயக்கப்பட்டன.

மூன்றாவது, எந்த நகரங்களுக்கு மெட்ரோ தேவை என்பது. கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களுக்கான மெட்ரோ முன்மொழிவுகளை நடுவண் அரசு நவம்பர் 2025-ல் திருப்பி அனுப்பியது. 2017 ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கை கூறும் 20 இலட்சம் மக்கள்தொகை என்னும் அளவுகோல் இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. 2011-க்குப் பின் நகரங்கள் வளர்ந்திருப்பதைக் கணக்கில் கொள்ளவில்லை என்று மாநில அரசு இதனை எதிர்த்தது.

இவற்றையும் பார்க்க

பறக்கும் தொடர்வண்டித் திட்டம், சென்னை
சென்னைப் புறநகர் தொடர்வண்டி
தில்லி மெட்ரோ
கொல்கத்தா மெட்ரோ
நம்ம மெட்ரோ, பெங்களூர்
காஞ்சிபுரம் மாவட்டம்
பரந்தூர்